லைசென்ஸ்: உரிமையா, உரிமமா?

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு நிரல் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. லைசென்ஸ் கோப்பு இல்லாத ரெப்போ (நிரலின் கோப்புகளை வைத்திருக்கும் இடம்) தாழ் போடாத வீடு மாதிரி. கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே இருக்கும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது (ஆமாம், உங்கள் பைதான் ஸ்கிரிப்டும் இலக்கியம்தான்). எழுதியவுடனே உரிமை பொதுவாக எழுதியவருக்கு வந்துவிடும், எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. மற்றவர்கள் அதைப் பயன்படுத்த அவர் கொடுக்கும் அனுமதிதான் லைசென்ஸ்.

சொல்லின் வேரும் அதையேதான் சொல்கிறது. இலத்தீனில் 'லிகேரே' என்றால் 'அனுமதிக்கப்பட்டிருத்தல்'. அதிலிருந்து 'லிகென்டியா', அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆனது. ஓய்வு நேரத்தைக் குறிக்கும் 'லெஷர்' கூட இதே வேர்தான். 'என்' எழுத்துக்குப் பிறகு சி போடுவதா எஸ் போடுவதா என்று பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

தமிழில் 'உரிமம்' என்கிறோம். 'உரிய', 'உரியவர்', 'உரிமை' எல்லாம் இருக்கும் அதே 'உரி' குடும்பம். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 'உரிமை'க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் குழப்பமும் கூடவே வருகிறது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்பதை இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்பார்கள். பொருளை வைத்துப் பார்த்தால் இலங்கைச் சொல்தான் மூலத்துக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். இருந்தாலும் மென்பொருளில் 'உரிமம்' வேரூன்றிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை, 'உரிமை'யோடு கலக்காமல் இருந்தால் போதும்.

பலரும் தங்கள் நிரலுக்கு வைக்கும் எம்ஐடி உரிமத்தைத் திறந்து பாருங்கள். முதலில் ஆண்டும் பெயரும் போட்ட பதிப்புரிமை வரி, அது உரிமை. அதற்குக் கீழே 'இதனால் அனுமதி வழங்கப்படுகிறது' என்ற பொருளில் தொடங்கும் பத்தி, அது உரிமம். இரண்டும் ஒரே கோப்பில் மேலும் கீழுமாக இருக்கின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் 'காப்புரிமை'. காப்பிரைட், பேடண்ட் (புதுக் கண்டுபிடிப்புக்குத் தரும் உரிமை) இரண்டுக்கும் இதே சொல்லைப் போட்டு எழுதுகிறார்கள். 2004இல் வந்த அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு மென்பொருள் உரிமத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன, இரண்டையும் 'காப்புரிமை' என்று மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை, பேடண்டுக்கு மட்டும் காப்புரிமை என்று வைத்துக்கொள்வது நல்லது.

சரி, உரிமம் இருந்தும் தெளிவில்லாத ரெப்போக்கள்? இவைதான் அதிகம் கண்ணில் படும். அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஜிபிஎல் என்று எழுதியிருக்கும், லைசென்ஸ் கோப்பில் எம்ஐடி இருக்கும், நிரலின் விவரக் கோப்பான பேக்கேஜ் ஜேசனில் ஐஎஸ்சி என்று இருக்கும் (மூன்றும் வெவ்வேறு உரிமங்கள்). அந்த ஐஎஸ்சியை யாரும் யோசித்துப் போட்டிருக்க மாட்டார்கள், புது நிரலைத் தொடங்கி வைக்கும் என்பிஎம் இனிட் கட்டளை கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டியிருப்பார்கள், பல ஆண்டுகளாக அதன் இயல்பு விடை அதுதான். ஜிபிஎல் என்று மட்டும் எழுதுவதும் போதாது. 1991இல் வந்த 2ஆம் பதிப்பா, 2007இல் வந்த 3ஆம் பதிப்பா, 'அதற்குப் பிந்தையதும் ஆகலாம்' என்பது உண்டா என்று சொல்ல வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் '2ஆம் பதிப்பு மட்டும்' என்பதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

குழப்பம் கண்ணில் பட்டால் ஊகிக்காமல், ரெப்போவிலேயே கேள்வி எழுப்ப உதவும் இஷ்யூ ஒன்று போட்டு 'எது சரி?' என்று கேட்டுவிடுங்கள். ஒருவரே எழுதிய நிரல் என்றால் ஒரு கமிட்டில் (திருத்தத்தைச் சேமிக்கும் பதிவில்) வேலை முடிந்தது. பலர் கை வைத்த நிரல் என்றால் அப்படி முடியாது, அவரவர் எழுதிய வரிகளின் உரிமை பொதுவாக அவரவரிடமே இருக்கும். விஎல்சி பிளேயரின் பெரும்பகுதியை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, எப்போதோ சில வரிகள் எழுதிவிட்டுப் போனவர்களைக்கூடத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.