வேர்க்கால்வாய் அல்ல, வேர்க்குழல்

வேலூர்ப் பக்கம் பல் சிகிச்சைத் துண்டறிக்கைகளில் ‘வேர்க்கால்வாய் சிகிச்சை’ என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இப்போது கோன் பீம் சி.டி. (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) பற்றிய விளக்கத்திலும் அது நுழைந்துவிட்டது: ‘கடைவாய்ப்பல்லின் நான்காவது கால்வாய் முப்பரிமாணப் படத்தில் தெரியும்.’ பல்வேருக்குள் போகும் வழியான ரூட் கெனாலுக்குச் சரியான தமிழ் வேர்க்குழல்.

கெனால், லத்தீன் ‘கனாலிஸ்’ வழி வந்தது. அதற்கு அடி ‘கன்னா’, அதாவது நாணல். உள்ளே துளையுள்ள தண்டு. நம் குழலும் அதுதான். ஆங்கிலத்தில் பாசனத்துக்கும் உடம்புக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டார்.

கால்வாய் எது என்று வடாற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகிறதே, அது கால்வாய். மேலே திறந்திருக்கும், இருபுறமும் கரை இருக்கும், தூர் வாரலாம். பல்வேருக்குள் நரம்பும் ரத்த நாளமும் போகும் வழியோ சுற்றிலும் மூடியது. சி.டி.யின் குறுக்குவெட்டில் பார்த்தால் வேரின் நடுவே பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி, அவ்வளவுதான்.

‘கால்வாய்தான் பிரியும், சேரும், குழல் அப்படியா?’ என்று கேட்கிறார்கள். கடைவாய்ப்பல்லில் பிரிவதும் சேர்வதும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்; ஆனால் கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவது குழல் ஒன்று அடிக்கடி இருக்கும், அதுதான் அந்த நான்காவது. தட்டையான எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அது மறைந்துவிடும். சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி தங்கி, சிகிச்சையே தோற்றுப்போகலாம். கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லில் குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆங்கில ‘சி’ எழுத்துப் போல வளைந்திருப்பதும் உண்டு. 1984இல் வெர்டூச்சி என்ற பல் மருத்துவ ஆய்வாளர் இந்தப் பிரிதல், சேர்தலை 8 வகையாக வகுத்தார். சரி, பிரிந்தால் கால்வாயாகிவிடுமா? நுரையீரலில் பிரிந்து பிரிந்து போவதை மூச்சுக்கிளைக்குழல் என்று பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். மூச்சுக்கால்வாய் என்று யாரும் எழுதவில்லை.

அப்புறம், ‘மக்களுக்குப் பழகிய சொல்’ என்ற வாதம். பழகிய சொல் என்பதால்தான் தப்பாகப் புரிகிறது. கால்வாய் என்றதும் வெட்டுவதுதானே நினைவுக்கு வரும்? குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பாட்டி, பல்லில் கால்வாய் வெட்டப்போகிறார்கள் என்று பயந்தால் அது அவர் தப்பில்லை. ஏற்கெனவே இருக்கும் குழலைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

பேச்சில் ‘ரூட் கெனால்’ என்றே சொல்லட்டும், எல்லாருக்கும் புரிகிறது. தமிழில் அச்சடிப்பதென்றால், மொழிபெயர்ப்பவர் முதலில் ஒரு பல் மருத்துவரிடம் அந்த சி.டி. படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.