உப்புக்காற்றில் பழைய வார இதழ்கள்

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து 1950களின் வார இதழ்க் கட்டு இறங்கினால், அட்டைப்படத்தை ரசிப்பதற்கு முன் நடுப்பக்கத்துக் கம்பிப் பின்னைப் பாருங்கள். அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படர்ந்து, துளை பெரிதாகி, நடுத்தாள் கழன்று கையோடு வந்தால், அந்தக் கட்டு பல மழைக்காலங்களை ஈரத்தில் கழித்திருக்கிறது. தாளின் மற்ற இடங்களிலும் அதே ஈரம் வேலை செய்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

ஆனந்த விகடன், கல்கி, குமுதம், அம்புலிமாமா என அந்தக் காலத்து இதழ்களின் உள்பக்கங்கள் பெரும்பாலும் மலிவுத் தாள்தான். மரத்தை இயந்திரத்தில் அரைத்துச் செய்த கூழில், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் ஆக்ஸிஜனும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும். அதனால்தான் காற்று படும் ஓரங்கள் சட்டம் போட்டதுபோல் பழுத்திருக்க, பக்கத்தின் நடுப்பகுதி வெளிறியே இருக்கிறது.

தாள் நொறுங்குவது வேறு கதை. தாளுக்கு உறுதி தருவது செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. ஆலையில் சேர்த்த அலுமினியம் சல்பேட்டிலிருந்தும், சிதையும் லிக்னினிலிருந்தும் அமிலம் வருகிறது. அமிலமும் நீரும் சேர்ந்தால் சங்கிலி அங்கங்கே அறுபடும். அறுபடும்போது மேலும் அமிலம் பிறப்பதால், சிதைவு நாளாக ஆகத் தானே வேகம் பிடிக்கும். மஞ்சளாக இருந்தும் வளைந்து கொடுக்கும் தாள் உண்டு, வெளுப்பாக இருந்தும் பொடியும் தாள் உண்டு. வாங்குகிறவர்கள் நிறத்தை நம்பாமல், கிழிந்த ஓரம் ஒன்றை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்க்க வேண்டும். நான்கு மடிப்புக்குள் ஒடிந்தால், அந்த இதழைத் திருப்பிப் படிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலோரம் இதில் சேர்ப்பது உப்பு. சாதாரண சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது, உப்புத்தூசி படிந்த தாள் நல்ல வெயில் நாளிலும் முழுதாக உலர்வதில்லை. குளோரைடு இரும்புப் பின்னை வேகமாகத் துருப்பிடிக்கச் செய்யும். துருவிலிருந்து நகரும் இரும்பு அயனிகள் சுற்றியுள்ள செல்லுலோஸை ஆக்ஸிஜனேற்றும். நாம் பார்த்த வளையம் அப்படி வந்ததுதான்.

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 5 கிராம் பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். கணக்குப் போட்டால் அது எவ்வளவு குறைவு என்று புரியும். 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் இருக்கும் தாளின் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் நீர். 50 சதவீதத்தில் அது 7, 8 சதவீதமாக இறங்கும். 10 கிலோ இதழ்கள் என்றால் 400 கிராமுக்கு மேல் நீர் வெளியேற வேண்டும். ஜெல் தன் எடையில் கால் பங்கு நீரைப் பிடிக்கும் என்று வைத்தாலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தேவை. ஈரம் பெட்டியின் காற்றில் இல்லை, தாளுக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் தாளை உலர்த்த வேண்டும், பிறகு மூட வேண்டும். இந்தக் கரையில் இதழ் சேர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

உலர்த்த ஏற்ற நேரம் மழையில்லாத மாதத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை. காற்றில் உள்ள நீர் அதேதான், ஆனால் வெப்பம் ஏறுவதால் ஈரப்பத சதவீதம் அப்போது இறங்கும். வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் வாடை அடிக்கும்போதும், தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் கடலிலிருந்து கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போதும் கட்டைப் பிரிக்கவே வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிவிடுங்கள், அனுமானத்தை நம்ப வேண்டியதில்லை. காகிதத்தில் ஒட்டிய உப்புத்தூசியை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டி, நிழலில் மின்விசிறிக்கு எதிரே இதழை விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள். வெயிலில் காயப்போட்டால் ஈரம் போகும், லிக்னினும் பழுக்கும். பிறகு ரப்பர் விளிம்புள்ள பாலிபுரொப்பிலீன் பெட்டியில் வைத்து, கசிந்து வரும் ஈரத்துக்கென்று, ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகை ஜெல் 200 கிராம் போட்டால் போதும். நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். பி.வி.சி. உறைகள் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையை ஒட்டிக்கொள்ளும். அமிலமற்றது என்று பொட்டலத்தில் போட்டிருக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். இதழுக்கு இதழ் ஒன்று இடையில் வைத்தால், நகர்ந்து வரும் அமிலத்தில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும்.

பின்னைக் கழற்றும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய சிறு துண்டைப் பின்னின் கால்களுக்கும் தாளுக்கும் இடையில் நுழைத்து, மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொரு காலாக நிமிர்த்துங்கள். நிமிர்ந்த பின் வெளிப்புறமிருந்து இழுக்கலாம். துரு தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் காலை வெட்டிவிடுவதே நல்லது. பழைய துளைகளிலேயே வெளுக்காத பருத்தி நூலைக் கோத்து, இறுக்காமல் முடிச்சிடுங்கள்.

தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்த தொகுதிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை இப்படிக் கட்டி வைத்த குடும்பங்கள் ஏராளம். பூச்சி அரிக்காதிருக்க பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ப்பார்கள். பூச்சிக்கு அது நஞ்சுதான், ஆனால் செம்பு அயனிகள் தாளையும் சிதைக்கும். முதுகுப்பக்கம் பழுப்பேறி, முதல் சில தாள்கள் முறிந்திருப்பதற்கு அது பெரும்பாலும் காரணம். அப்படிப்பட்ட தொகுதியை முழுக்க விரித்து அழுத்தாதீர்கள். 90 டிகிரிக்கு மேல் திறக்காமல் இருபுறமும் துணிச்சுருள் கொடுத்துப் படியுங்கள்.

தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்) இருந்தால், உலர்ந்த இதழைப் பாலித்தீன் பையில் காற்றின்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் குளிர்ந்த தாள்மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். பாச்சை உருண்டையின் ஆவி மூச்சுக்குக் கேடு, அதைத் தவிர்ப்பதே நல்லது.

தீபாவளி மலர் மட்டும் நனைந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. அதன் வண்ணப்படங்கள் ஆர்ட் பேப்பரில் இருக்கும். அந்தத் தாளின் வெள்ளைக் களிமண் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துத் தாளோடு ஒன்றாகிவிடும். காய்ந்த பின் பிரிக்க வழியில்லை. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே சிலிக்கோன் பூசிய, ஒட்டாத பேக்கிங் பேப்பரைச் செருகுங்கள். அன்றே முடியாவிட்டால் அப்படியே பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, பக்கங்களும் ஒட்டாது. பிறகு ஒவ்வொரு மலராக வெளியே எடுத்து உருகவிட்டு, ஈரம் காயும் முன் பக்கம் பக்கமாகப் பிரித்து, அதே பேப்பரை இடையில் வைத்துக் காயவைக்கலாம்.