ஆய்விதழ் சந்தாவை அரசே கட்டுகிறது: உங்கள் கல்லூரிக்கு உண்டா?

தேடிய ஆய்வுக் கட்டுரை கடைசியில் கிடைத்துவிடும். திறக்கப் போனால் முப்பது, நாற்பது டாலர் கேட்கும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர்களுக்காக வந்ததுதான் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம்.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவை பயன்பெறலாம். முன்பு பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியான இதழ்கள், சிறிய ஊரின் அரசுக் கல்லூரிக்கும் இப்போது திறந்திருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது, பணமும் கட்ட வேண்டாம். பதிவு செய்ய வேண்டியது கல்லூரி. அதனால் முதலில் நூலகரைப் பாருங்கள். "நம் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, எனக்கு இன்ஃபெட் லாகின் கிடைக்குமா?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். திட்டத்தை நடத்தும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வசதி இந்த இன்ஃபெட். அந்த லாகின் கையில் இருந்தால் விடுதியிலோ வீட்டிலோ உட்கார்ந்தும் படிக்கலாம்: பதிப்பகத் தளத்தில் 'நிறுவனம் வழியாக நுழைய' என்ற வழியில் போய், கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்து அந்த லாகினைக் கொடுத்தால் போதும். பல மாணவர்களுக்கு இது தெரிவதே இல்லை. வளாக இணையத்தில் மட்டும்தான் திறக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தனியார் கல்லூரிகள் இதில் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால், இது பெரிய குறை என்றே சொல்வேன். அடுத்த கட்டத்திலாவது அவர்களையும் சேர்க்க வேண்டும்.

சரி, அதுவரை என்ன செய்வது? இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் முதலில் ஆர்க்சைவ் (arXiv) இணையதளத்தில் தேடுங்கள். விலை கேட்கும் கட்டுரையின் முன்வரைவு பல நேரம் அங்கே இலவசமாக இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. எங்கும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் சந்தோஷமாக அனுப்புகிறவர்கள் நிறைய.