பழைய வழி கண்ணை மறைக்கும் விதம்

"எங்கள் சங்கத்தில் பல வருடங்களாக இருப்பவர்கள் எந்தப் புது யோசனை வந்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார்கள். இது வெறும் பிடிவாதமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதவி ஆசை, ஈகோ, கையிலிருப்பது போய்விடுமோ என்ற பயம் எல்லாம் உண்டுதான். அவை உங்களுக்கே தெரியும். எனக்குப் பிடித்த காரணம் வேறு: பழகிய வழியே புது வழியைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. மூன்று ஜாடிகள்: ஒன்றில் 21, அடுத்ததில் 127, கடைசியில் 3 அளவு தண்ணீர் பிடிக்கும். 100 அளவு வேண்டும். நடு ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியை ஒரு தடவையும் மூன்றாவதை இரண்டு தடவையும் நிரப்பினால் மீதி 100. இதே சூத்திரத்தில் அடங்கும் சில கணக்குகளைப் போடவைத்துவிட்டு, 23, 49, 3 ஜாடிகளைக் காட்டி 20 கேட்டார். பெரும்பாலோர் மறுபடி 49-ஐத்தான் தூக்கினார்கள். விடையும் சரியாகவே வந்தது! 23-இல் 3 போனால் 20 என்பது மட்டும் தோன்றவில்லை. முந்தைய கணக்குகளைப் போடாதவர்கள் அந்தக் குறுக்கு வழியைச் சுலபமாகப் பிடித்தார்கள்.

பழைய வழி தோற்றிருந்தால் வேறு வழி தேடியிருப்பார்கள். அது ஜெயித்துக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

2008-இல் வெளியான சதுரங்க ஆய்வு இன்னும் சுவாரசியம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பழக்கமான ஒரு வெற்றி வழியை உடனே கண்டார்கள். இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதா என்று கேட்டபோது, தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கருவியில் பதிவான அவர்கள் பார்வையோ பழைய வழிக்கான கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. சங்கத்துப் பெரியவர் "நானும் யோசித்துப் பார்த்தேன், சரிப்படாது" என்றால் அவரும் மனதறிந்து பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

விஞ்ஞானிகளும் விதிவிலக்கல்ல. உயிரியல் துறைகளின் நட்சத்திர ஆய்வாளர்கள் பணிக்காலத்திலேயே இறந்த பிறகு அங்கே அதுவரை அந்தத் துறைக்கு வெளியே இருந்தவர்களின் கட்டுரைகள் கூடின என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால், ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களில் அதே முகங்கள் வருடக்கணக்கில் உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

சரி, வாசகர் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் வேலைமுறையை மாற்றியபோது, உத்தரவாக மட்டும் அதைக் கேட்ட தொழிலாளர் குழு முரண்டுபிடித்தது. மாற்றத்தைத் திட்டமிடுவதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்தையும் தாண்டின. 1948-இல் வெளியான முடிவு இது. அந்தப் பெரியவர்களிடம் தீர்மானத்தைக் கொண்டுபோய் நீட்டாமல், பிரச்சினையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.