அடித்த சுத்தியல் உடனே விலக வேண்டும்: வீட்டில் செய்யும் மணிக் கடிகாரத்தில் கவனிக்க வேண்டியவை

பழுது பார்க்க வந்த அந்தக் கடிகாரத்தின் மூடியைத் திறந்ததும் கருகிய வாடைதான் முதலில் எழுந்தது. குறித்த நேரத்தில் பித்தளை மணியை அடிப்பதற்காகப் பொருத்தியிருந்த சாலினாய்டின் (மின்சாரம் பாயும்போது தண்டை உள்ளிழுக்கும் கம்பிச் சுருளின்) பிளாஸ்டிக் கூடு இளகிச் சரிந்திருந்தது. அதன்மேல் சுற்றியிருந்த செம்புக் கம்பி கருத்துப் போயிருந்தது. செய்தவர் சொன்ன குறை வேறு. சில நாட்களாக மணி "டங்" என்று ஒலிக்காமல் "டொக்" என்று செத்த ஒலி எழுப்புகிறது என்றுதான் அவர் கொண்டுவந்தார். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. அடித்த சுத்தியல் மணியை விட்டு விலகவில்லை.

மணி ஒலிப்பது அதன் உலோகம் அதிர்வதால். சுத்தியல் தொட்ட கணமே விலகினால் அதிர்வு நீண்டு ஒலிக்கும். அழுத்திக்கொண்டே நின்றால், கையால் பிடித்ததுபோல் அடங்கிவிடும். ஆகவே சாலினாய்டின் தண்டு முழுவதும் உள்ளிழுக்கப்பட்ட நிலையில்கூட, சுத்தியலின் தலை மணிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்பாகவே நிற்கும்படி பொருத்த வேண்டும். சற்றே வளையக்கூடிய எஃகுப் பட்டையில் தலையை வைத்தால், எஞ்சிய தூரத்தை அது தன் வேகத்தாலேயே கடந்து, அடித்துவிட்டுத் திரும்பிவிடும். மணியையும் அதன் நடுத்துளையில் மட்டும் ஒரு ரப்பர் வளையம் வைத்துத் திருக வேண்டும். விளிம்பு எதையும் தொடக் கூடாது.

சுத்தியல் விலகாமல் நின்றால் கெடுவது ஒலி மட்டுமன்று. 12 வோல்ட்டில் இயங்கும், 12 ஓம் மின்தடை கொண்ட ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். அதில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து 12 வாட் வெப்பம் உண்டாகும். ஓர் அடிக்குத் தேவையான 50 மில்லி விநாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கடிகாரத்தை இயக்கும் நிரல் (புரோகிராம்) நடுவே உறைந்து மின்னோட்டம் நிற்காமல் போனால், விரல் பருமனுள்ள அந்தச் சுருள் சில நிமிடங்களிலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். படுக்கையறைக் கடிகாரமானால் அருகில் ஆள் உறங்கிக்கொண்டிருப்பார்.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களில் இந்த ஆபத்து இல்லை. ஸ்பிரிங் அவிழ்ந்து முடிந்தால் அடியும் முடிந்தது. அந்தக் குணத்தை மின்சுற்றுக்குக் கொடுக்க எளிய வழி ஒன்று உண்டு. சுருளுக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக, மின்னாற்றலைத் தேக்கிவைக்கும் 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நிரப்பி, அதிலிருந்து கொடுக்க வேண்டும். தேங்கிய ஆற்றல் ஓர் அடிக்குச் செலவாகும். மீண்டும் நிரம்ப ஏறத்தாழ 2 விநாடி பிடிக்கும். சுருளுக்கு மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்சான மாஸ்ஃபெட், மின்னோட்டத்தை விட்டபடியே நின்றுவிட்டாலும் சுருளில் ஓடுவது ஏறத்தாழ 0.1 ஆம்பியர்தான். வெப்பத்தை ரெசிஸ்டர் ஏற்கும் என்பதால் அதை 3 வாட் திறனில் வாங்கி, மரத்தையோ பிளாஸ்டிக்கையோ தொடாதபடி வைக்க வேண்டும். நிரலில் எத்தனை பாதுகாப்பு எழுதினாலும் இந்த ரெசிஸ்டருக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

நிரலை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற சிறு மின்னணுப் பலகையின் ஒரு முனை தாங்கும் உச்ச அளவே 40 மில்லி ஆம்பியர் என்பதால், சுருளை அதில் நேராக இணைக்கவே கூடாது. இடையில், 5 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை முழுதாக விடும் மாஸ்ஃபெட் வேண்டும். பலகை விழித்தெழும் நேரத்தில் முனை எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்குமாதலால், மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் கேட் முனையிலிருந்து தரைக்கு (மின்சுற்றின் 0 வோல்ட் இணைப்புக்கு) 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். மின்னோட்டம் நிற்கும் கணத்தில் சுருள் எழுப்பும் எதிர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொல்லாமலிருக்க, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைச் சுருளின் குறுக்கே, கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்கும்படி இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரம் பெட்டிக்குள் வரவே வேண்டாம். மூடிய அடாப்டர் போதும்.

நேரம் காட்டும் பகுதிக்குப் பலர் டி.எஸ்.3231 சிப் பொருத்திய சிறு பலகையை வாங்குகிறார்கள். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தச் சிப் ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுக்கே பிசகும், நல்ல தேர்வு. ஆனால் அப்பலகைகள் பலவற்றில் பொத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாதையும் இருக்கிறது. சார்ஜ் ஏற்றக் கூடாத சி.ஆர்.2032 பேட்டரியை அதில் பொருத்தி 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிக் கசியலாம், வெடிக்கவும் கூடும். சார்ஜ் பாதையிலுள்ள சிறு ரெசிஸ்டரையோ டயோடையோ பற்றவைக்கும் சூட்டுக்கோலால் எடுத்துவிட்ட பிறகே அந்தப் பேட்டரியைப் போட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பேட்டரி இருக்கும் மூடியைக் கட்டாயம் திருகால் இறுக்குங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும்.

மூடியைப் பூட்டுமுன் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் செல்லும் இரு முனைகளான டிரெயினையும் சோர்ஸையும் வேண்டுமென்றே ஒரு கம்பியால் இணைத்து, மின்னோட்டம் நிற்காத நிலையை உண்டாக்கி, அரை மணி நேரம் அருகிலேயே இருந்து கவனிப்பேன். பிறகு அடாப்டரைக் கழற்றிவிட்டுச் சுருளைத் தொட்டுப் பார்ப்பேன். விரலுக்குச் சூடு தெரிந்தால் அந்தக் கடிகாரம் படுக்கையறைக்குப் போகாது.