புதருக்குள் ஓர் அணை

கியோட்டோவின் வடகிழக்கில், ஹியேய் மலையடிவாரத்தில் இருக்கிறது ஷுகாகுயின் அரச மாளிகை. அரியணை துறந்த பேரரசர் கோ-மிசுனூ 1659 வாக்கில் அமைத்து முடித்தது. மாளிகை என்று பெயரே தவிர பெரிய கட்டடம் கிடையாது. மூன்று தோட்டங்கள், நடுவே நெல்வயல்கள். மேல் தோட்டத்து ஏரிதான் முக்கியம். மலைச் சரிவில் சுமார் 200 மீட்டர் நீளத்துக்குக் கரை போட்டு, ஓடைநீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது.

சரிவில் கட்டிய கரை, கீழிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர்போல் துருத்தும். அதனால் படிப்படியாகக் கல்லடுக்கி, படிகளை உயிர்வேலியால் மூடினார்கள். அதன்மேல் பல வகைப் புதர்களைக் கலந்து நட்டு, எல்லாம் ஒரே பரப்பாகத் தெரியும்படி கத்தரித்தார்கள். ஜப்பானியர் இதை ஓகாரிகோமி என்கிறார்கள். கலந்து நடுவதால், ஏதோ ஓர் இனம் நோயில் பட்டுப்போனாலும் கரை மொட்டையாவதில்லை. கத்தரிப்பதை நிறுத்தினால்தான் வினை: புதர் மரமாகும், காட்சி மறையும். பெருமரத்தின் வேர் செத்து மக்கினால், அந்தத் துளை வழியே நீர் கசிந்து மண்கரையை அரிக்கும்.

உச்சியில் ரின்உன்-தெய் என்ற சிறு மண்டபம். அங்கே ஏறும் கற்படிகளின் இருபுறமும் ஆளுயர வேலி. எதுவும் கண்ணில் படாது. மேலே போய்த் திரும்பியதும் ஏரியும் வடக்கு மலைகளும் ஒருசேர விரிகின்றன. தொலைவிலுள்ள பொருளின் தூரத்தை இரு கண்களின் பார்வை வித்தியாசத்தால் அளக்க முடியாது. இடையிலுள்ள வீடு, மரம், வயலை வைத்தே மூளை கணிக்கிறது. புதர்க்கரை அவற்றை மறைத்துவிடுவதால், ஏரி விளிம்பிலேயே மலை தொடங்குவதாகத் தோன்றுகிறது. மண்டபத்தில் அலங்காரம் எதுவும் வைக்காதது சரியான முடிவு. 1824-இல் தீவுகளுக்கிடையே சேர்த்த சீனப் பாணிப் பாலம்தான் உறுத்தல்.

வெளியிலுள்ள மலையைத் தோட்டத்தின் பகுதியாகவே காட்டும் இந்த இரவல் காட்சிக்கு, வேலிக்கு வெளியேயிருந்தும் ஆபத்து வரும். வயல்களில் வீடு முளைத்தால் எல்லாம் போச்சு. அதனால் 1964-இல் அரசே அந்த நிலங்களை வாங்கியது. உழவர்கள் இன்றும் அங்கே பயிரிடுகிறார்கள்.

தனியாகச் சுற்ற முடியாது. அரச குடும்பச் சொத்துகளைக் கவனிக்கும் அரண்மனை முகமையிடம் பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். 18 வயதாகியிருக்க வேண்டும், கடவுச்சீட்டு கையில் வேண்டும். சுமார் 3 கிலோமீட்டர், 80 நிமிடம், பாதி ஏற்றம், சரளைக்கல் பாதை. குழு நகர்ந்துகொண்டே இருக்கும். மண்டபத்தில் கிடைப்பது சில நிமிடங்களே. படமெடுப்பதற்கு முன் வெறும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.