டிவொலூஷன்: பகிர்வா, கையளிப்பா?

ஸ்கொட்லாந்தில் உள்ளதைப் போன்ற "அதிகாரப் பகிர்வு" இலங்கைத் தமிழராகிய எங்களுக்கும் வேண்டும் என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஓயாமல் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கோரிக்கையோடு எனக்குப் பிணக்கில்லை, சொல்லோடுதான். ஸ்கொட்லாந்தில் யாரும் யாரோடும் எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இப்படி மொழிபெயர்க்கப்படும் டிவொலூஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குக் கீழே உருட்டிவிடுதல் என்று பொருள். மேலே உள்ளவர் தன்னிடம் இருப்பதைக் கீழே உள்ளவரிடம் இறக்கிவிடுகிறார். வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

பகிர்வு வேறு. அண்ணனும் தம்பியும் காணியைப் பகிர்ந்தால் ஆளுக்கொரு உறுதி எழுதப்படும். பிறகு அண்ணன் நினைத்தபடி தம்பியின் வளவுக்குள் வேலி போட முடியாது. அரசியலில் இதற்குப் பெயர் சமஷ்டி. கனடாவில் மாகாணங்களின் அதிகாரம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஒட்டாவா ஒரு சாதாரண சட்டத்தால் அதைப் பறிக்க இயலாது.

ஸ்கொட்லாந்தின் கதை அப்படியல்ல. 1997இல் மக்கள் வாக்களித்தார்கள், 1998இல் சட்டம் வந்தது, 1999இல் 129 உறுப்பினர்களோடு எடின்பரோவில் பாராளுமன்றம் கூடியது. சுகாதாரம், கல்வி, நீதி எல்லாம் அங்கே போயின. ஆனால் அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஸ்கொட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது இலண்டனிலுள்ள பிரித்தானியப் பாராளுமன்றத்தின், அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. 35ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. 2022 டிசம்பரில் எடின்பரோ நிறைவேற்றிய பாலின அங்கீகாரச் சட்டமூலத்தை, 2023 ஜனவரியில் இலண்டன் இந்தப் பிரிவைக் கொண்டுதான் தடுத்தது. வட அயர்லாந்தின் பாராளுமன்றமோ 1921 முதல் இயங்கி, 1972இல் இலண்டனின் முடிவினால் ஓய்ந்தது. பங்காளிக்கு இப்படிச் செய்ய முடியுமா?

2016ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தை நிரந்தரமாக்கிவிட்டதே, மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் கலைக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாக்குறுதியை எழுதியதும் வெஸ்ட்மின்ஸ்டர்தான். அரசியல் கனம் அதற்கு உண்டு, உறுதிப் பத்திரத்தின் கனம் இல்லை.

"அதிகாரப் பரவலாக்கம்" என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். கொழும்பில் செய்த வேலையை மாவட்டக் கச்சேரியில் செய்யச் சொன்னாலும் அது பரவல்தான், சட்டம் இயற்றும் சபை எதுவும் தேவையில்லை. அதைச் சொல்ல எம்மிடம் ஏற்கெனவே பன்முகப்படுத்தல் என்ற சொல் இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஊரெல்லாம் சொல்கிறோமே. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இரண்டு கருத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள்.

என் தெரிவு கையளிப்பு. மகஜர் கையளித்தோம், வீட்டுத் திறப்பைக் கையளித்தார்கள் என்று நாளாந்தம் புழங்கும் சொல். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்பது அதிலேயே தெரிகிறது. ஒப்படைப்பு என்றும் சொல்லலாமே என்றால், எனக்குச் சம்மதமில்லை. அமைச்சர் தன் பெயரில் கையொப்பமிடச் செயலாளரை அனுமதிப்பது ஒப்படைப்பு. டிவொலூஷனில் வாங்கிய சபை தன் பெயரிலேயே சட்டம் இயற்றுகிறது.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த, 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை விளக்குகையில் இந்த வேறுபாடு உயிர்நாடி. மாகாண சபைப் பட்டியலில் பொலிசும் காணியும் எழுதியிருக்கின்றன, ஆனால் நடைமுறையில் வந்துசேரவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை, ஆளுநரின் நிர்வாகம்தான். இதைப் "பகிர்வு" என்று படித்து வளரும் பிள்ளைக்கு, பங்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றல்லவா தோன்றும்? சொல்லின் கனம் தெரியாத நாடல்ல இது. புதிய அரசியலமைப்புக்கான 2017இன் இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் "ஏக்கிய இராச்சிய", தமிழில் "ஒருமித்த நாடு" என்ற இரண்டு தொடர்களுக்காக எவ்வளவு சண்டை பிடித்தோம்! அந்தக் கவனத்தில் ஒரு பங்கையாவது மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேயும் காட்டக்கூடாதா?

பகிர்வு சரியாகப் பொருந்தும் இடமும் இருக்கிறது. இந்தியாவில் மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் போகும் பங்கையும் ஆங்கிலத்தில் டிவொலூஷன் என்றே சொல்கிறார்கள். 15ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த பங்கு 41 சதவீதம். அந்தப் பங்குரிமை அரசியலமைப்பின் 270ஆம் உறுப்பில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் வரிப் பகிர்வு என்று எழுதுவது முற்றிலும் சரி.